சபுராளி வீட்டுப் பூனையும் சுங்கச் சட்டமும்



நமது ஜமாஅத்தில் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத வீடு குறைவு. ஒரு வீட்டில் மகன் ஷார்ஜாவில் இருப்பார்; அடுத்த வீட்டில் மருமகன் சிங்கப்பூரில் இருப்பார். வளைகுடாவிலிருந்து வரும் பெண்கள் எத்தனை கிராம் தங்கம் போட்டு வரலாம், டிவிக்கு எவ்வளவு தீர்வை என்பதெல்லாம் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் வளர்ப்புப் பூனையைக் கூட்டி வர என்ன சட்டம் என்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறோம்.

முன்பு இந்தக் கேள்வி எழவில்லை. சபுராளி தனியாகப் போனார், அறையில் பத்துப் பேரோடு இருந்தார், தனியாகத் திரும்பினார். இன்று குடும்பத்தோடு போகிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட வெளியிடம் இல்லாததால் அடுக்கு மாடி வீட்டில் ஒரு பூனை வருகிறது. வேலை முடிந்து ஊர் திரும்பும் நாள் வரும்போது, “வாப்பா, பூனையை யார்கிட்ட விட்டுட்டுப் போறோம்?” என்று பிள்ளை கேட்கிறது. அந்தக் கேள்வியோடு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருவோர் கூடிவருகிறார்கள். பெரும்பாலானோர் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் கேட்கிறார்கள். அதனால் இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம்.

பூனை ஓர் அமானிதம்

பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட ஒரு பெண் அதன் காரணமாகவே தண்டனைக்கு ஆளானாள் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இடம்பெற்றது. நாம் எல்லோரும் சிறு வயதிலேயே ஓதிக் கேட்டதுதான். “நாங்கள் கட்டிவைக்கவில்லை, வெளியில்தான் விட்டோம்” என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் எட்டாவது மாடியில் பிறந்து, தட்டில் வைத்ததைத் தின்று வளர்ந்த பூனைக்குத் தேடித் தின்னத் தெரியாது. அதைக் கோடை வெயிலில் கட்டடத்தின் குப்பைத்தொட்டி ஓரத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுவது விடுதலை கொடுப்பது ஆகாது.

ஃபிக்ஹு நூல்களில் மனைவி மக்களின் செலவைப் பேசும் நஃபகா பாடத்திலேயே வளர்ப்புப் பிராணியின் செலவும் வருகிறது. உரியவர் தீனி கொடுக்க வேண்டும்; இயலாவிட்டால் கொடுக்கக் கூடியவர் கைக்கு மாற்ற வேண்டும். இந்திய நாட்டுச் சட்டமும் இதே திசையில்தான் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது.

ஆக, ஊர் திரும்பும் குடும்பத்துக்கு இரண்டு நேர்வழிகள் உண்டு. சட்டப்படி உடன் கொண்டு வருவது ஒன்று. நம்பிக்கையான வீட்டில் ஒப்படைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் முன்கூட்டியே வேலை தொடங்க வேண்டும்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

ஒரு சிறு பூனைக்கு இத்தனை தாள்களா என்று சலிப்பு வரும். காரணம் தெரிந்தால் சலிப்பு குறையும். முதல் காரணம் ரேபிஸ் என்னும் வெறிநோய். நாய்க்கடியால் வருவதாகவே நாம் இதை அறிவோம். பூனைக்கும் இந்நோய் வரும், பூனை கடித்தும் மனிதருக்குப் பரவும். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. இதில் பெரும்பகுதி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான்.

சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இந்நோயை ஒழித்து வைத்திருக்கின்றன. நோயுள்ள ஒரே ஒரு பிராணி உள்ளே வந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகும். அதனால் யாருக்கும் சலுகை கிடையாது. 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் அவருடைய மனைவி ஆம்பர் ஹெர்டும் இரண்டு சிறிய நாய்களைத் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனார்கள். நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொல்ல நேரிடும் என்று அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். நாய்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் ஹெர்ட் ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? பயணியர் படிவத்தில் பொய்த் தகவல் கொடுத்தது. சுங்கத்தின் முன் மறைப்பதுதான் பெரிய குற்றமாகிறது என்பதை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்புவோருக்கு இந்தியச் சட்டம்

இந்தியாவுக்குள் பயணச் சாமானாக வளர்ப்புப் பிராணியைக் கொண்டு வருவது பற்றி மத்திய கலால், சுங்க வாரியம் 2013 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது: வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இருந்து, குடியிருப்பை மாற்றிக்கொண்டு இந்தியா திரும்புபவர் இரண்டு வளர்ப்புப் பிராணிகள் வரை உடன் கொண்டு வரலாம். இந்த நிபந்தனைக்குள் வராதவர் வெளிநாட்டு வணிக இயக்ககத்திடம் இறக்குமதி உரிமம் பெற வேண்டும். சாதாரணக் குடும்பங்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

இதில் நம் மக்கள் தடுமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது, விடுமுறைக்கு வருவது குடியிருப்பு மாற்றம் அல்ல. ஒரு மாத லீவில் வரும்போது பூனையையும் கூட்டி வந்து நன்னியிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் நடக்காது.

இரண்டாவது, இரண்டு ஆண்டு என்பதைப் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்தே பார்ப்பார்கள். குடியிருப்பு மாற்றத்துக்கு 2016-ஆம் ஆண்டின் பயணச் சாமான் விதிகள் வைத்த கணக்கில், கடைசி இரண்டு ஆண்டுகளில் ஊரில் வந்து தங்கிய நாட்களின் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. பிரசவத்துக்காக எட்டு மாதம் ஊரில் இருந்த மனைவியின் பெயரில் பூனையைக் கொண்டு வர முயன்றால் அங்கே சிக்கல் வரும். வாப்பாவின் பெயரில் கொண்டு வருவதே பொருந்தும்.

மூன்றாவது, பிராணி என்றால் இங்கே நாயும் பூனையும் மட்டுமே. கிளி, முயல், ஆமை, அணில், மீன் எதுவும் இந்தச் சலுகையில் வராது.

சுங்க விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. தங்கம், சாமான் மதிப்பு போன்றவற்றின் உச்சவரம்பும் அப்படியே. எனவே சென்ற ஆண்டு மச்சான் கொண்டு வந்தார் என்பதை மட்டும் நம்பி டிக்கெட் போட வேண்டாம். விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.

திருச்சியில் இறங்கலாமா?

கூடாது. இதுதான் நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமான செய்தி. வெளிநாட்டிலிருந்து வரும் பிராணியைப் பரிசோதித்து உள்ளே விடும் அரசு நிலையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் இருக்கின்றன. 2024-இல் கொச்சியும் சேர்ந்தது. சென்னையின் நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் இந்த ஏற்பாடு இல்லை. வளைகுடாவிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறதே என்று திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டால், அங்கே பூனையை ஏற்றவே மாட்டார்கள்.

நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் விஷயத்தைப் பெயரின்றிச் சொல்கிறோம். ஷார்ஜாவில் வேலை முடிந்தது. ஐந்து பேருக்கும் திருச்சிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. நான்கு வயதுப் பூனையின் வெறிநோய்த் தடுப்பூசி காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது ஊரிலிருந்த பெரியவர் நம்மிடம் வந்து கேட்டார். அன்றைக்கு ஊசி போட்டாலும் முப்பது நாள் கணக்கு சரிவராது. திருச்சி வழியும் ஆகாது. நல்லவேளையாக, கணக்குத் தீர்த்து வாங்க வேண்டிய பணம் இருந்ததால் வாப்பா மட்டும் இன்னும் ஒன்றரை மாதம் அங்கே தங்க வேண்டியிருந்தது. உம்மாவும் பிள்ளைகளும் முதலில் வந்தார்கள். வாப்பா ஊசி போட்டு, நாள் எண்ணி, அனுமதி வாங்கி, சென்னை வழியாகப் பூனையோடு வந்து சேர்ந்தார். வாப்பா அங்கே தங்க வேண்டிய தேவை இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது. முன்பே கேட்டிருந்தால் யாருக்கும் அலைச்சல் இருந்திருக்காது.

என்னென்ன தாள்கள்?

வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு பூனையை எடுத்துக்கொண்டு, வேலைகளை வரிசையாகச் சொல்கிறோம்.

1. மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லைத் தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். பூனையின் பாஸ்போர்ட் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றிதழிலும் இந்த எண்ணே வர வேண்டும். சிப் முதலில், தடுப்பூசி பிறகு என்ற வரிசை முக்கியம். ஐரோப்பிய நாடுகள் போன்றவை, சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை.

2. வெறிநோய்த் தடுப்பூசி. புறப்படும் நாளில் ஊசி போட்டு 30 நாள் கடந்திருக்க வேண்டும். 12 மாதம் கடந்திருக்கக் கூடாது. ஊசி மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, மருத்துவர் முத்திரை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பூனைகளுக்கான மற்றத் தடுப்பூசிகளையும் இதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

3. தடையில்லாச் சான்று. சென்னை அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா முத்திரைப் பக்கங்கள், டிக்கெட், தடுப்பூசிப் புத்தகம், பூனையின் இனம், வயது, நிறம், சிப் எண் ஆகியவை கேட்பார்கள். வேலை முடிந்ததற்கான கடிதம், விசா ரத்துத் தாள் இருந்தால் குடியிருப்பு மாற்றத்தைக் காட்ட உதவும்.

4. அரசு மருத்துவச் சான்று. தனியார் மருத்துவர் கொடுக்கும் தாள் மட்டும் போதாது. புறப்படும் நாட்டின் அரசு கால்நடைத் துறை கொடுக்கும் சான்று வேண்டும். இதைப் புறப்படும் வாரத்தில் வாங்க வேண்டும். மாதத்துக்கு முன்பே வாங்கி வைத்தால் செல்லாது.

5. விமான நிறுவனத்தின் ஒப்புதல். பயணிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டால் பூனைக்கும் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. பிராணிக்கு இடம் உறுதி என்று தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

சென்னையில் இறங்கியதும் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலர் பூனையையும் தாள்களையும் பார்ப்பார். நோய் அறிகுறி இல்லை, தாள்கள் சரி என்றால் விடுவிப்பார். தாள்கள் குறைந்தால் தனிமையில் வைப்பதும், புறப்பட்ட நாட்டுக்கே நம் செலவில் திருப்பி அனுப்புவதும் அவர்கள் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் கொடுத்த தாளோடு சிவப்புப் பாதையில் சென்று சுங்க அலுவலரிடம் அறிவிக்க வேண்டும். சாமானை உள்ளபடி அறிவிப்பது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 77-ஆவது பிரிவின்படி பயணியின் கடமை. தீர்வை ஏதேனும் விதித்தால் கட்டிவிட்டு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். அது மார்க்கத்திலும் கூடாது, சட்டத்திலும் கூடாது.

பறவையும் ஆமையும்: இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

விமானத்தில் பிறர் சாமானைக் கூலிக்குக் கொண்டு போய் வருபவரை நம் பக்கத்தில் குருவி என்று சொல்வது எல்லோருக்கும் தெரியும். முன்பு துணி, சாராயம், மின்சாதனம், தங்கம் என்று இருந்தது. இப்போது உயிருள்ள பிராணிகளையும் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார்கள். நட்சத்திர ஆமைகள் இங்கிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் போகின்றன. பாம்பு, ஓணான், குரங்குக் குட்டிகள் அங்கிருந்து வருகின்றன. சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை இவற்றைப் பிடித்த செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

போக வர டிக்கெட்டும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தருகிறோம் என்றால் வேலையில்லாத பையனுக்கு ஆசை வரும். அவன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நட்சத்திர ஆமை நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணைப் பிராணியைக் கடத்தினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பெட்டி என்னுடையதல்ல என்று சொல்லித் தப்ப முடியாது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் அவன் பெயர்தான் இருக்கும். ஏற்பாடு செய்தவர் தொலைபேசியை அணைத்துவிடுவார். பாஸ்போர்ட் முடங்கிவிட்டால் அந்தப் பையன் நாளைக்கு நேர்மையான வேலைக்கும் வெளிநாடு போக முடியாது. தாய்மார்களே, மகன் யாருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று கேளுங்கள்.

வீட்டில் வளர்க்கும் பறவை பற்றியும் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம். அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகும் பேச்சுக்கே இடமில்லை. நன்றாகப் பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி, பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் 2017 முதல் இருக்கிறது. வளைகுடாச் சந்தையில் விலைகொடுத்து வாங்கியதாலேயே அதை ஊருக்குக் கொண்டு வரும் உரிமை வந்துவிடாது. இத்தகைய அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன.

ஊரிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு

இந்தியாவிலிருந்து போகும் பிராணியை வெளிநாடுகள் கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்கின்றன. இங்கே வெறிநோய் இருப்பதே காரணம். பல நாடுகள் தடுப்பூசிப் புத்தகத்தோடு இரத்தப் பரிசோதனையும் கேட்கின்றன. ஊசி உண்மையில் வேலை செய்ததா என்று பார்ப்பது அந்தச் சோதனை. ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புப் பொருள் இருக்க வேண்டும். அந்தந்த நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வுக்கூடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் கணக்கு இப்படி வரும்: ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, நான்கு மாதத்துக்குக் குறையாது. குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகே அந்த ஊசி கணக்கில் வரும். எனவே ஏழு மாதத்துக்குக் குறைந்த குட்டி அங்கே போக வழியில்லை. விமானத்தில் பிரிட்டனுக்குள் நுழையும் வளர்ப்புப் பிராணி சரக்காகவே வர வேண்டும். பயணியின் மடியில் வர முடியாது.

ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் காலநிலை மாற்றம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இறக்குமதி அனுமதி, சிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை ஆகியவை வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நேராக ஏற்பதில்லை. அந்நாடு அங்கீகரித்த வேறொரு நாட்டில் வைத்திருந்து, அங்கே தயார்செய்து கொண்டு போக வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்டு 1 முதல் நாய்களுக்கான விதிகளைக் கடுமையாக்கியிருக்கிறது; ஆறு மாதம் நிரம்பிய, சிப் வைத்த நாய்க்கே அனுமதி.

சிங்கப்பூர் செல்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைப்பது வேறு, வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைப்பது வேறு. அங்கே வீவக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பது நீண்ட காலம் தடுக்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். வளைகுடாவிலும் பல கட்டட உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே பிராணி கூடாது என்று எழுதியிருப்பார்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

எந்த நாட்டுக்குப் போனாலும், சென்னை நிலையத்தில் வாங்கிய ஏற்றுமதிச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அதே பூனை பிறகு ஊர் திரும்பும்போது, அது இங்கிருந்தே போனது என்பதற்கு அதுவே சாட்சி.

விமானத்தில் பூனையின் நிலை

பூனை எழுந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் கூண்டில் இடம் இருக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்துக்கான பன்னாட்டு விதி. கூண்டைப் புறப்படும் நாளில் வாங்கி, பூனையை உள்ளே திணிக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டில் திறந்து வைத்து, உள்ளே தீனி வையுங்கள். அதன் மணம் ஒட்டிய துணியைப் போடுங்கள். பயணநாளில் அதுவே அதற்கு வீடாக இருக்கும்.

நம் வீடுகளில் இப்போது அதிகம் காண்பது பாரசீகப் பூனை. மூக்கு சப்பையான இனம் என்பதால் அதற்கு மூச்சு வாங்குவது சிரமம். பல விமான நிறுவனங்கள் இத்தகைய இனங்களை ஏற்பதில்லை. சில, கோடை மாதங்களில் எந்தப் பிராணியையும் ஏற்பதில்லை. பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருவதால் நம் குடும்பங்கள் அப்போதுதான் கிளம்புகின்றன. வளைகுடாவில் வெயில் உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. கூடுமானால் குளிர்காலத்தில் கொண்டு வாருங்கள். மயக்க மருந்து கொடுத்து அனுப்ப வேண்டாம். ஆகாயத்தில் அது மூச்சையும் இதயத்தையும் பாதிக்கும்.

ஊர் வந்து சேர்ந்த பிறகும் பொறுப்பு இருக்கிறது. ஏ.சி. அறையில் இருந்த பூனையை முதல் நாளே தெருவில் விடாதீர்கள். ஆண்டுதோறும் வெறிநோய் ஊசியைத் தவறவிடாதீர்கள். யாரையேனும் கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம்.

கொண்டு வர முடியாவிட்டால்

எல்லாக் குடும்பத்துக்கும் இது முடிகிற காரியம் அல்ல. ஊசி, சோதனை, அனுமதி, கூண்டு, சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால், ஒரு ஆளுக்கான டிக்கெட்டைவிடக் கூடுதலாகிவிடலாம். வேலை போய், கடனோடு திரும்பும் தகப்பனிடம் இந்தச் செலவையும் ஏற்றுவது நியாயம் ஆகாது. பூனைக்காக வட்டிக்குக் கடன் வாங்கவே கூடாது. நம்பிக்கையான வீட்டில் ஒப்படைத்தாலும் அமானிதம் நிறைவேறியதாகவே ஆகும். பிள்ளைகளுக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள். “நல்ல வீட்டில் விட்டிருக்கிறோம்” என்று சொல்லும்போது அது உண்மையாக இருக்கட்டும்.

ஒப்படைக்கும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. பூனை வளர்த்துப் பழகிய வீட்டைத் தேடுங்கள். வெறும் இரக்கத்தால் எடுத்துக்கொள்பவர் மூன்றாம் மாதம் வெளியில் விட்டுவிடக் கூடும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்கி, இரண்டு வாரம் அங்கே இருக்கவிட்டுப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கொடுங்கள்; சிப் பதிவில் உரியவர் பெயரை மாற்றிக் கொடுங்கள். இரண்டு மாதத் தீனிச் செலவையும் சேர்த்துக் கொடுத்தால் அது அழகான செயல்.

இடைத்தரகர் விஷயத்தில் கவனம் தேவை. எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்பே கேட்டால் கொடுக்காதீர்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். அவர் காட்டும் தடையில்லாச் சான்று உண்மையானதுதானா என்று சென்னை அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். இலவசமாகப் பாரசீகக் குட்டி தருகிறோம், அனுப்பும் செலவு மட்டும் போதும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் பணம் பறிக்கும் வேலை. குட்டியும் வராது, பணமும் வராது.

சுருக்கமாக

ஊர் திரும்பும் எண்ணம் வந்த மாதமே பூனையின் தடுப்பூசித் தேதியைப் பாருங்கள். யார் பெயரில் இரண்டு ஆண்டு நிறைந்திருக்கிறது என்று பாஸ்போர்ட்டைப் பாருங்கள். டிக்கெட்டைச் சென்னைக்கோ, வசதியானால் கொச்சிக்கோ போடுங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வரும் வரை பூனையோடு விமானம் ஏறாதீர்கள். சிவப்புப் பாதையில் நேர்மையாக அறிவியுங்கள். பறவை, ஆமை எதையும் தொடாதீர்கள். பிறர் பெட்டியைத் தூக்காதீர்கள்.

தாள்களை எழுத, விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் அஸர் தொழுகைக்குப் பிறகு நமது அலுவலகத்துக்கு வரலாம். பாஸ்போர்ட் நகலும் தடுப்பூசிப் புத்தகத்தின் படமும் இருந்தால் போதும். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவையுங்கள். டிக்கெட் போடுமுன் அவர்கள் இதைப் படிப்பது நல்லது.

நம்மை நம்பி வீட்டுக்குள் வந்த வாயில்லா ஜீவனின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.